தெஹிவளையில் குடியேறலாமா?

சுற்றுலாவுக்குச் செல்பவர் ஓர் ஊரின் கோபுரத்தையும் கடற்கரையையும் பார்க்கின்றார். குடியிருக்கச் செல்பவரோ அவ்வூரின் வடிகானைப் பார்க்க வேண்டியவராகின்றார். சென்ற ஆண்டின் பிற்பகுதியிலே நாமும் வடிகான் பார்க்கும் கூட்டத்திற் சேர்ந்துவிட்டோம்.

வெள்ளவத்தையிலே ஒன்பது ஆண்டுகளாக நாம் குடியிருந்த வாடகை வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். பழைய ஓட்டு வீடு இருந்த இடத்திலே இனித் தொடர்மாடி ஒன்று எழும். விலகுவதற்குத் தவணை தந்தார். முற்பணத்தையும் குறைவின்றித் திருப்பித் தந்தார். அவர்மீது எமக்குக் குறையில்லை. ஆயினும் அதே வெள்ளவத்தையில் வேறொரு வீடு தேடியபோதுதான், ஓர் ஆசிரியரின் சம்பளம் எவ்வளவு சிறியதென்பதை முழுமையாக உணர்ந்தோம். "ஏன் யோசிக்கிறீர்கள்? இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளித் தெஹிவளைக்குப் போகலாமே!" என்று நண்பர்கள் கூறினார்கள்.

எம்மோடு மனைவியும், உயர்தர வகுப்பில் படிக்கும் மகளும் இருக்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கிராமத்திலே தனியே வாழ்ந்த எமது தாயார் முற்றத்தில் வழுக்கி விழுந்த பின்னர், அவரையும் இனி எம்மோடு வைத்துக்கொள்வதென்று தீர்மானித்திருந்தோம். ஆகவே அவரிடமும் கேட்டோம். தெஹிவளை என்ற பெயரைக் கேட்டதும், தொலைபேசியின் மறுமுனையில் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "முதலிலை நீ போய் வடிவாப் பார், தம்பி. பிறகு நான் வந்து பாக்கிறன்" என்றார். அவர் ஏன் பேசாதிருந்தார் என்பதைப் பின்னர் கூறுவோம்.

காலி வீதியின் இரு பக்கங்கள்

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது தெஹிவளை. வெள்ளவத்தை எங்கே முடிகின்றது, தெஹிவளை எங்கே தொடங்குகின்றது என்பதைக் காலி வீதியிலே பஸ்ஸிற் செல்பவர் எளிதிற் கண்டுகொள்ள மாட்டார். கடைகளின் வரிசை அறுபடுவதேயில்லை. ஆனால் நிருவாகத்தில் இது கொழும்பு அன்று. தெஹிவளையும் கல்கிசையும் சேர்ந்து 1959ஆம் ஆண்டு தனி மாநகர சபையாயின. வெளியூரார் பலருக்கு இவ்வூர் மிருகக்காட்சிச்சாலையாலேயே அறிமுகம். 1936ஆம் ஆண்டு அரசாங்கம் பொறுப்பேற்ற அந்தச் சாலைக்குப் பாடசாலைச் சுற்றுலாவில் வராத மாணவர் இலங்கையிற் சிலரே இருப்பர்.

வீடு தேடுபவருக்கு இவ்வூர் மூன்று ஊராகத் தோன்றும். காலி வீதிக்கு மேற்கே கடற்பக்கம், கிழக்கே தரைப்பக்கம், அதற்கும் அப்பால், நெதிமால, அத்திடிய ஆகிய பகுதிகளை நோக்கித் தாழ்ந்து செல்லும் பள்ளநிலப் பக்கம். இவை ஒவ்வொன்றுக்கும் குணமும் குற்றமும் வேறு வேறு.

கடற்பக்கத்து ஒழுங்கைகளிலே மாலை நேரத்தில் நடப்பது இன்பமானது. ஒழுங்கையின் முடிவிலே புகையிரதப் பாதை. அதற்கு அப்பால் கடல். அங்கே இரண்டாம் மாடியிலிருந்த வீடொன்றின் மண்டபத்திலே நின்றபோது, வாடகையை மறந்து கவி பாடத் தோன்றியது. மனைவி கவி பாடவில்லை. சன்னற் கம்பியை விரலால் தடவிக் காட்டினார். விரல் செந்நிறமாயிற்று. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் விட்டுவைக்காது. கடற்காற்றுக்குத் தனியாக வாடகை கேட்பதில்லை. ஆனால் திருத்தக் கூலியாக அது வந்து சேரும். மேலும், புகையிரதம் கடந்து செல்லும்போதெல்லாம் கண்ணாடிகள் அதிர்ந்தன. பரீட்சைக்குப் படிக்கும் மகள் ஒரு நாளைக்கு எத்தனை புகையிரதங்கள் போகும் என்று கேட்டாள். அத்துடன் அந்த வீட்டின் கதை முடிந்தது.

தண்ணீர் எங்கே போகும்?

பள்ளநிலப் பக்கத்திலே வாடகை குறைவு, வீடும் பெரிது. தென்னையும் மாவும் நிற்கும் முற்றம் கிடைக்கும். ஆகையால் எமது மனம் அங்கேயே சாய்ந்தது. ஐப்பசி மாதத்திலே ஓர் இரவு முழுதும் மழை கொட்டிய பின்னர், மறுநாட் காலையில் அவ்வழியே சென்றோம். வீடு பார்க்க விரும்பும் எவரும் மழைக்கு மறுநாள் செல்லுதல் வேண்டும். வெயிற்காலத்தில் எல்லா ஊரும் மேட்டூராகவே தோன்றும்.

தரகர் முன்னே நடந்தார். "இங்கே வெள்ளம் என்ற பேச்சே இல்லை" என்றார். வீடும் புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. ஆனால் சுவரிலே முழங்கால் உயரம் வரை ஒரு நிறமும் அதற்குமேல் வேறொரு நிறமும் இருப்பதுபோல் எமக்குப் பட்டது. எதிரே இருந்த சிறு கடைக்குச் சென்று தேநீர் கேட்டோம். கடைக்காரர் வயது முதிர்ந்த இஸ்லாமியர். நாம் ஆசிரியர் என்பதை எவ்வாறோ தெரிந்துகொண்டார். அவருடைய கடையிலே அரிசி மூட்டைகளெல்லாம் சீமெந்துக் கற்களின்மேல் வைத்த பலகையில் அடுக்கப்பட்டிருந்தன. இங்கே வெள்ளம் வருமா என்று கேட்டோம். அவர் மூட்டைகளைப் பார்த்தார். தெருவில் நின்ற தரகரையும் பார்த்தார். "மாஸ்டர், தரகருக்கு வராது, எனக்கு வரும்" என்றார்.

இதற்குக் காரணம் உண்டு. இப்பக்கத்துத் தாழ்நிலங்கள் பெல்லன்வில, அத்திடிய சதுப்பு நிலத்தை அடுத்துள்ளவை. 372 ஹெக்டேயர் பரப்புள்ள அந்தச் சதுப்பு நிலம் 1990ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நீர்ப்பறவைகளைக் காண விரும்புவோர் அங்கே செல்வர். ஆனால் அது பறவைகளுக்கு மாத்திரம் உரிய இடமன்று. மழைநீரைத் தன்னுள் வாங்கி, வெரஸ் கங்கை வழியாகப் பொல்கொட வாவிக்குச் சிறிது சிறிதாக விடுவது அது. சதுப்பு நிலத்தின் ஒரு துண்டை மண்ணிட்டு நிரப்பி ஒருவர் வீடு கட்டினால், அங்கே தங்கியிருக்க வேண்டிய நீர் மறைந்துவிடுவதில்லை. அடுத்தவருடைய அடுக்களைக்குப் போகின்றது. புவியியற் பாடத்திலே மாணவருக்கு நாம் ஆண்டுதோறும் சொல்லும் செய்திதான் இது. எமக்குத்தான் அதனைக் கடைக்காரரின் அரிசி மூட்டைகள் கற்பிக்க வேண்டியிருந்தது.

பள்ளியும் பயணமும்

ஆகவே தரைப்பக்கத்தை ஆராய்ந்தோம். காலி வீதியிலே பாணந்துறைக்குச் செல்லும் 100ஆம் இலக்க பஸ்ஸும், மொறட்டுவைக்குச் செல்லும் 101ஆம் இலக்க பஸ்ஸும் எந்நேரமும் ஓடுகின்றன. புகையிரதத்திலே சென்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு வழியாகக் கோட்டையை அடையலாம். காலை வேளையிலே உட்கார இடம் தேடுவது வீண். நிற்க இடம் கிடைத்தால் அதுவே பெரிது. ஆயினும் புகையிரத நிலையத்துக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்தில் வீடு இருப்பதன் பெறுமதியை 2022ஆம் ஆண்டு நாம் எல்லோரும் கண்டோம். எரிபொருளுக்கு இரவுபகலாக வரிசையில் நின்ற அந்த மாதங்களிலே, வாகனம் வைத்திருந்தோர் வீட்டில் இருக்க, புகையிரதத்தை நம்பியோர் வேலைக்குச் சென்றனர்.

தமிழ்மூலம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெற்கே இரத்மலானையில் இந்துக் கல்லூரி இருக்கின்றது. வடக்கே வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயமும், பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரியும் இருக்கின்றன. களுபோவில போதனா வைத்தியசாலை அண்மையில் இருப்பது முதியோர் உள்ள வீட்டுக்கு ஆறுதல். கோயில் இல்லாத ஊரிலே குடியிருத்தல் ஆகாதென்று எம் முன்னோர் கூறுவர். நெதிமாலவில் விஷ்ணு கோயில் இருக்கின்றது. ஒடியல் மாவும் பனங்கட்டியும் வேண்டுமென்றால் வெள்ளவத்தைச் சந்தைக்குப் பத்து நிமிடப் பயணம்.

இவற்றையெல்லாம் ஒரு தாளிலே எழுதி, மாணவரின் விடைத்தாளுக்கு இடுவதுபோல் புள்ளியிட்டோம். மனைவி அதனைப் பார்த்துவிட்டு, "இரவிலை ஒருக்கா நடந்து பாத்தனீங்களோ?" என்று கேட்டார். நாம் நடக்கவில்லை. அன்றிரவு எட்டரை மணிக்கு, மகள் மாலை வகுப்பு முடிந்து திரும்பும் நேரத்திலே, மூவரும் காலி வீதியிலிருந்து அந்த ஒழுங்கை வழியே நடந்தோம். இரண்டு மின்கம்பங்களிலே விளக்கு எரியவில்லை. நாய்கள் இருந்தன, எம்மைப் பார்த்து எழுந்திருக்கவும் சோம்பற்பட்டன. ஒரு வீட்டு வாயிலிலே ஆடவரும் பெண்டிரும் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் எம் மகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தம் பேச்சைத் தொடர்ந்தனர். "பரவாயில்லை" என்றார் மனைவி. அவர் எதற்கும் எளிதில் அவ்வாறு சொல்பவரல்லர்.

தாயார் வந்த நாள்

1990ஆம் ஆண்டு நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2014ஆம் ஆண்டு மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அந்தப் பாதையிலேயே எமது தாயார் வந்து இறங்கினார். மறுநாளே, வீட்டைப் பார்ப்பதற்கு முன்னர் வேறோர் ஒழுங்கையைப் பார்க்க வேண்டும் என்றார். அதன் பெயரை அவர் மறந்திருக்கவில்லை.

எமது தந்தையார் அரசாங்க இலிகிதராக இருந்தவர். மணமான புதிதிலே அவரும் தாயாரும் தெஹிவளையில்தான் குடியிருந்தனர். நாம் பிறந்ததும் அவ்வீட்டிலே இருந்தபோதுதான். விடியற்காலையிலே மிருகக்காட்சிச்சாலைச் சிங்கம் கர்ச்சிக்கும் என்றும், அதைக் கேட்டு நாம் அழுகையை நிறுத்துவோம் என்றும் தாயார் சொல்வதுண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி, திங்கட்கிழமை, அந்த ஒழுங்கைக்கும் கூட்டம் வந்தது. அப்போது எமக்கு வயது மூன்று. தாயார் வீட்டின் பின்புற மதிலுக்கு மேலாக எம்மைத் தூக்கி, அயல்வீட்டுச் சிங்களப் பெண்மணியின் கைகளிலே கொடுத்தார். பின்னர் தாமும் தந்தையாருமாக மதிலேறினர். இரண்டு இரவுகள் அந்த வீட்டின் பின்னறையிலே இருந்தோம். மூன்றாம் நாள் அப்பெண்மணியின் கணவர் எம்மை இரத்மலானை விமான நிலையத்தில் இருந்த முகாமிலே கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றோம். வீடும் அதிலிருந்த பொருள்களும் எரிந்தன. எமக்கு இவற்றுள் ஒன்றும் நினைவில் இல்லை. தாயார் சொல்லக் கேட்டவையே.

தொலைபேசியிலே அவர் பேசாதிருந்தது இதனால்தான்.

அந்த ஒழுங்கை இன்று அடையாளம் தெரியாதவாறு மாறிவிட்டது. எம் வீடு இருந்த இடத்திலே ஆறுமாடிக் கட்டடம் நிற்கின்றது. அயல்வீடும் கைமாறிவிட்டது. அங்கே இருந்தவர் ஒருவரும், முன்னாளிலே யார் வாழ்ந்தார்கள் என்பதை அறிந்திருக்கவில்லை. தாயார் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தின் ஓரமாக நின்று பார்த்தார். "மதில் உயர்ந்துபோச்சு" என்றார். ஓராள் உயரத்துக்கு மேல் சீமெந்துச் சுவர். அதன்மேல் கண்ணாடித் துண்டுகள். "இதுக்கு மேலாலை பிள்ளையைக் குடுக்கேலாது." மகள், "அப்பம்மா, வாங்கோ, வெயிலாக் கிடக்கு" என்று மெல்ல அழைத்தாள்.

புள்ளியிட்ட எமது தாள் அப்போது எம் சட்டைப் பையிலேயே இருந்தது. அதிலே போக்குவரத்து உண்டு, வைத்தியசாலை உண்டு, வெள்ளம் உண்டு. அயல் என்ற ஒரு சொல் அதில் இல்லை.

அயலார்

பின்னர், நாம் தெரிந்தெடுத்திருந்த வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றோம். தரைப்பக்கத்திலே, காலி வீதியிலிருந்து ஆறு நிமிட நடை. மாடியில்லாத சிறிய வீடு, பின்னே ஒரு கறிவேப்பிலை மரம், இடுப்பளவு மதில். வாயிற்படி சற்று உயரம். தாயார் ஏற முடியாது நின்றபோது, மதிலுக்கு அப்பால் பூக்கன்றுகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த முதிய சிங்கள அம்மையார் ஒருவர் அதனைக் கண்டார். உள்ளே சென்று ஒரு கதிரையை எடுத்துவந்து மதிலுக்கு மேலாக எம்மிடம் நீட்டினார்.

தாயார் கதிரையில் அமர்ந்து, அந்த அம்மையாருடன் சிங்களத்திலே பேசத் தொடங்கினார். நாம் வியந்து நின்றோம். பல ஆண்டுகள் கொழும்பிலே கற்பித்தும் கடைக்குப் போதிய சிங்களமே எமக்குக் கைவந்திருக்கின்றது. நாற்பது ஆண்டுகளாக யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் வாழ்ந்த தாயாரோ தட்டுத்தடுமாறியேனும் பேசினார். எங்கே கற்றீர்கள் என்று அந்த அம்மையார் கேட்டார். இந்த ஊரிலேதான் என்றார் தாயார். ஏன் போய்விட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. தாயார் ஆண்டை மட்டும் சொன்னார்.

அம்மையார் சிறிது நேரம் தலைகுனிந்திருந்தார். பின்னர் உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்தார். அதன்பின் தம் கதையையும் சொன்னார். 1996ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி, தெஹிவளைப் புகையிரத நிலையத்திலே, மாலையில் வேலை முடிந்து வீடு திரும்புவோர் நிறைந்த புகையிரதத்திற் குண்டுகள் வெடித்து 64 பேர் மாண்டனர். அம்மையாரின் கணவர் வழமையாக ஏறும் வண்டி அது. அன்று அலுவலகத்திலே தாமதித்தமையால் தப்பினார். செய்தி தெரியும்வரை தாம் வாயிலிலே நின்றதை அவர் சொன்னார். அந்த வண்டியிலே வந்த அயலவர் ஒருவர் திரும்பவில்லை. இருவரும் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. கறிவேப்பிலைக் கன்றுக்கு மோர் ஊற்றலாமா என்பதைப் பற்றிப் பேசினார்கள்.

திரும்பும் வழியிலே தாயாரிடம் முடிவு கேட்டோம். "வீடு சின்னன். குசினிக்கு வெளிச்சம் காணாது. கூரையிலை இரண்டு ஓடு மாத்த வேணும்" என்று அவர் குற்றங்களை வரிசையாகச் சொன்னார். வேண்டாம் என்கின்றாரோ என்று எண்ணினோம். "ஆனால் பக்கத்திலை கதைக்க ஆள் இருக்கு. ஒரு வருசம் இருந்து பாப்பம்" என்று முடித்தார்.

அவ்வாறே ஓராண்டுக்கு எழுதி, முற்பணம் கொடுத்துக் குடிபுகுந்தோம். இப்போது நான்கு மாதங்கள் ஆகின்றன.

தெஹிவளை குடியிருக்க நல்ல ஊரா என்று கேட்கும் அன்பர்களுக்கு இன்று எமது விடை இதுவே. புழுக்கமும் காலி வீதி இரைச்சலும் உண்டு. கோயிலுக்கு முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். மகள் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் நெரிசல் கொடிது. பள்ளநிலத்தில் மலிவாக வீடு கிடைத்தால், மழைக்கு மறுநாள் சென்று எதிர்க்கடையில் தேநீர் அருந்திய பின்னரே முற்பணம் கொடுங்கள். இரவிலும் ஒருமுறை நடந்து பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மதிலுக்கு அப்பால் யார் இருக்கின்றார் என்று எட்டிப் பாருங்கள். தரகர் அதைச் சொல்ல மாட்டார். பத்திரிகை விளம்பரத்திலும் அது வராது. பார்த்தால் மட்டும் போதாது. நாமும் அவருக்கு அயலாராக வேண்டும். எமது சிங்களமும் இப்போது சற்றுத் தேறி வருகின்றது. ஆசிரியை எம் தாயார்தாம். பிழை விட்டால் எம் மாணவர் முன்னிலையிலும் திருத்துவார் போலிருக்கின்றது.

பழையவற்றை அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஜூலை மாதம் இன்னும் வரவில்லை. அது வரும்போது அவர் எவ்வாறு இருப்பாரோ என்ற கவலை எமக்கு உண்டு. இந்த வீட்டை விலைக்கு வாங்குவதைப் பற்றி நாம் எண்ணாதிருப்பதற்குப் பணம் மட்டும் காரணமன்று.

ஆயினும் சென்ற வாரம் அயல்வீட்டு அம்மையாரும் கணவரும் கதிர்காமத்துக்கு யாத்திரை சென்றனர். போகுமுன் பூக்கன்றுகளுக்கு நீர் ஊற்றும்படி தாயாரிடம் சொல்லி, வீட்டுத் திறப்பையும் கொடுத்துச் சென்றனர். அவர்கள் திரும்பி வந்த பின்னர் அதனை மீளக் கொடுக்கப் போனபோது, "உங்களிடமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். எமது சுவாமி அறைக் கதவருகே உள்ள ஆணியிலே அது தொங்குகின்றது.